தன் உடலில் முதல் ஊசி ஏற்ற ஹாவ்கின்

நம் புங்குடுதீவுக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது இன்று வழக்கமான நிகழ்ச்சி. ஊசிக்கு அஞ்சி மக்கள் ஒளிந்த காலமும் ஒன்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி யாழ்ப்பாணத்திலும் இந்தியாவிலும் எண்ணற்ற உயிர்களை வாரிச் சென்றது. அதனை எதிர்க்கப் பாரதநாடு வந்த வால்டெமார் ஹாவ்கின் என்னும் பெரியாரின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இவர் 1860 இல் கருங்கடற்கரை நகராகிய ஒடெசாவில் யூதக் குடும்பத்திற் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் மெச்னிக்கோவ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். உயர்பதவிக்காகத் தம் முன்னோர் சமயத்தைக் கைவிட இசையாது, பிறந்த நாட்டை நீங்கினார். 1889 இல் பரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் உதவி நூலகராக அமர்ந்தார்.

இவருடைய ஆசிரியர் 1882 இல், சிசிலித் தீவின் கடற்கரையில், நட்சத்திரமீனின் குடம்பியொன்றில் முள்ளைக் குத்தினார். நடமாடுங் கலங்கள் விரைந்து வந்து முள்ளைச் சூழ்ந்தன. நம் இரத்தத்து வெண்குழியங்களிலும் இத்தகைய தின்குழியங்கள் உள. உட்புகுங் கிருமியை இவை விழுங்கி அழிக்கும். நிணநீர்க்குழியங்கள் என்பன வேறொரு படை. அவற்றுள் பீ வகையின பிறபொருளெதிரிகளை ஆக்கும். ரீ வகையினவற்றுட் சில கிருமி குடிகொண்ட கலங்களைக் கொல்லும். போர் முடிந்தபின்னும் சில குழியங்கள் பகைவனின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும். மீண்டும் அதே கிருமி வரின் விரைந்தெழும். தீங்கில்லா வகையில் அந்நினைவை முன்கூட்டியே ஊட்டுவதே தடுப்பூசி.

வாந்திபேதிக்கு ஊசிமருந்து ஆக்கிய ஹாவ்கின், 1892 யூலை 18 இல் அதனை முதலில் தம் உடலிலேயே ஏற்றுக்கொண்டார். 1893 இல் கல்கத்தா சேர்ந்தார். மறு ஆண்டு அந்நகரக் குடிசைப் பகுதியொன்றில் ஏறக்குறைய 200 பேருள் 116 பேர் ஊசி பெற்றனர். பின்னர் நோய்கண்ட பத்துப்பேரும் ஊசி பெறாதவரே. பம்பாயிற் கொள்ளைநோய் பரவியபோது, வெப்பத்தாற் கொன்ற கிருமிகளைக்கொண்டு மருந்தாக்கி, 1897 சனவரி 10 இல் அதனையும் தாமே முதலில் ஏற்றார்.

1902 இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், ஒரே போத்தல் மருந்தை ஏற்ற 19 பேர் ஏற்புநோயால் மாண்டனர். பழி ஹாவ்கின் தலையில் விழுந்தது, பதவியும் பறிபோயிற்று. போத்தலைத் திறந்த இடத்திலேயே மருந்து மாசுற்றிருக்க வேண்டுமென அறிஞர் பலர் எடுத்துக்காட்டினர். மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற றொனால்ட் றொஸ் அவர்களும் இவருக்காக வாதாடினார். 1907 இல் பழி நீங்கியது. மனங்கசந்து ஒதுங்காது, கல்கத்தாவிற்கு மீண்டு பணிசெய்தார்.

1925 இல் பம்பாய் ஆராய்ச்சி நிலையம் இவர் பெயரைத் தாங்கியது. 1930 இல் சுவிற்சர்லாந்தில் இவர் மறைந்தார். பிறருக்கு ஊட்டுமுன் தாமே உண்டு காட்டிய இவ்வுத்தமரிடம் இளைஞராகிய நாம் கற்கவேண்டியது பெரிது. உடலின் குழியங்கள் பகைவனை மறப்பதில்லை. நாமோ நம்மைக் காத்தவரை மறவாதிருப்போமாக.