காத்திருந்து வென்ற ஆசான்

ஆடுகளத்திற் பெற்ற வெற்றி அன்றைய ஆரவாரத்தோடு மறைவது இயல்பு. ஓரினத்தின் மானத்தை நிலைநாட்டிய வெற்றியோ மறைவதில்லை. அத்தகைய வெற்றி ஒன்றினுக்கு இருபத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்தவர் அமெரிக்கக் கறுப்பினப் பயிற்றாசிரியர் ஜேக் கெய்தர் ஆவர்.

1903ஆம் ஆண்டு டெனசி மாநிலத்து டேற்றன் நகரிலே, சமய போதகர் ஒருவரின் மகனாக இவர் பிறந்தார். வழக்கறிஞராதல் வேண்டுமென்பது இளமை விருப்பம். தந்தையார் மறையவே குடும்பப் பாரம் இவரைச் சார்ந்தது. நொக்ஸ்வில் கல்லூரியிற் கற்றுத் தேறிய இவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1942இல் மூளையிற் கட்டி தோன்றி உயிர்க்கு இடர் விளைத்தது. அதனின்றும் மீண்டு, 1945இல் டலஹாசி நகரத்துப் புளோரிடா ஏ அன்ட் எம் கல்லூரியின் உதைபந்தாட்டத் தலைமைப் பயிற்றாசிரியரானார். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி, எதிரணியை ஊடறுத்தோடும் அமெரிக்க உதைபந்தாட்டமே ஈண்டுக் குறித்தது.

அக்கல்லூரி கறுப்பின மாணவர்க்கென 1887இல் எழுந்தது. தென்மாநிலங்களிலே இனப்பிரிவினை நிலவியமையால், வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் இவ்வணியோடு பொருதவில்லை. 1961இல் ஆடிய பத்து ஆட்டங்களிலும் இவ்வணி வென்றது. இவரிடம் பயின்ற பொப் ஹேய்ஸ் 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீற்றர் ஓட்டத்திலே பொற்பதக்கம் பெற்றார். எனினும், ஒப்பிட்டு நோக்க எதிரணி இன்மையால், இவ்வணியின் வலிமை அளக்கப்படாமலே கிடந்தது. ஆட்சியாளரோடு இணங்கிப் போகின்றாரென இவரைக் குறைகூறினாரும் உளர். கெய்தரோ, மாநிலக் கல்வி அதிகாரிகளைப் பன்முறை அணுகி இசைவு வேண்டிநின்றார்.

அவ்விசைவு ஒருவாறு கிட்டியது. 1969 நவம்பர் 29ஆம் நாள், வெள்ளையர் பெரும்பான்மையினராயிருந்த டாம்பா பல்கலைக்கழக அணியை இவரணி எதிர்கொண்டது. தென்மாநிலங்களில் அத்தகைய ஆட்டம் அதுவே முதலாவதாகும். நெருங்கிய போட்டியின் முடிவில் 34க்கு 28 என்ற புள்ளிகளாற் கெய்தரின் மாணவர் வென்றனர். அப்பருவத்தோடு இவர் ஓய்வு பெற்றார். இருபத்தைந்து பருவங்களில் வெற்றி 204, தோல்வி 36, சமநிலை 4.

ஆயின், திறந்த கதவு இருபாலும் திறந்ததாயிற்று. பின்னர்க் கறுப்பின இளைஞருட் சிறந்தோர் பலர் செல்வம் மிக்க வெள்ளையர் பல்கலைக்கழகங்களை நாடினர்; அவர்களை ஆளாக்கிவந்த கல்லூரிகளின் அணிகள் மெலிந்தன. 1994இல் மறைந்த கெய்தர் தம் வாழ்நாளிலேயே அதனைக் கண்டார். மாணவர்க்கு வழி திறந்துவிட்டுத் தாம் இருந்த இடத்திலேயே நிற்பது ஆசிரியர்க்கு உரிய பேறு; அவர்க்கு உரிய இழப்பும் அதுவே.