தமிழில் இரணவைத்தியம் கற்பித்த அமெரிக்கர்

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் கூடுமோ என்னும் ஐயம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. ஆயின், அவ்வையத்தைச் சொல்லாலன்றிச் செயலாற் போக்கிய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வாழ்ந்தார். அவர் தமிழரல்லர், அமெரிக்கர். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். நாவலர் பெருமான் நல்லூரில் அவதரித்த 1822 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டு மசச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் அவரும் பிறந்தார்.

நியூயோர்க் நகரில் வைத்தியமும் இரணவைத்தியமும் பயின்று 1845 இற் பட்டம் பெற்ற அவ்விளைஞர், அமெரிக்க மிஷனைச் சார்ந்து 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மறுவருடம் மானிப்பாயில் நோயாளருக்குச் சிகிச்சை செய்தலோடு மாணவர்க்கு வைத்தியம் போதிக்கவுந் தொடங்கினார். மயக்கமருந்து கொடுத்துச் சத்திரஞ் செய்யும் முறை பொஸ்ரன் நகரில் வெளிப்பட்டது 1846 இலேயாம். மேனாட்டு இரணவைத்தியமே புத்துருப் பெற்றுக்கொண்டிருந்த காலம் அது.

முதலிற் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி அயலூர் செல்ல, கிராமத்து ஏழை நோயாளி முன்போலவே கைவிடப்பட்டான். 1857 இல் தாயகஞ் சென்று 1862 இல் மனைவியாருடன் மீண்ட கிறீன், இக்குறையை நன்குணர்ந்தார். 1864 இல் தமிழ்மொழி வாயிலான வைத்திய வகுப்பை ஆரம்பித்தார். தம் மாணவர் உடையாலும் உணவாலும் தமிழராகவே இருத்தல் வேண்டுமென்பதும் அவர் கொள்கை.

வகுப்புக்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தமிழறிந்தாரைத் துணைக்கொண்டு, தமிழிலும் வடமொழியிலும் வழங்கிய சொற்களைத் தேடித் தெரிந்தார். கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு அமைத்தார். துறுவிற்று என்பாரின் சத்திர நூல் ‘இரணவைத்தியம்’ என 1867 இல் வெளிவந்தது. காயங்களிற் கிருமியை அழிக்கும் முறையை லிஸ்ரர் உலகறிய வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே என்பது நினைக்கத்தக்கது. கிறே என்பாரின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872 இல் வந்தது. ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’ முதலியனவும் அவர் முயற்சியின் பயனே.

உடல் நலிந்தமையால் 1873 இல் அவர் இந்நாட்டை விட்டு நீங்கினார். எனினும் எழுதுகோலை வைத்தாரல்லர். வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் நூல்களைச் செப்பஞ் செய்தார். அறுபதின்மருக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கிய அவர், 1884 மே 28 இல் உயிர்நீத்தார். தாம் தமிழர்க்கு வைத்தியத் தொண்டு செய்ய வந்தவரென்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்புதற்பொருட்டே. அந்நோக்கம் சைவர்களாகிய நமக்கு உடன்பாடன்று. ஆயினும் நன்றி மறத்தல் நமது மரபன்று. அவர் சென்றபின் அம்முயற்சி நிலைக்கவில்லை. உத்தியோக வாயிலின் திறவுகோல் ஆங்கிலமாயிருக்க, தமிழ் வைத்திய நூல்கள் ஏட்டளவில் நின்றன. அக்குறையை அந்நியர்மேற் சுமத்தல் தகாது. நாமும் அதற்குப் பொறுப்பாளிகளே.

நம் கல்லூரி மாணவருள் வருங்கால வைத்தியர் பலர் உளர். மருத்துவ பீடத்தில் அவர்கள் ஆங்கிலத்திலேயே கற்பர், அது வேண்டியதே. ஆயின் கட்டிலிற் கிடக்கும் மூதாட்டிக்கு அவள் நோயை அவள் மொழியில் விளங்கவுரைக்க அவர்களால் இயலுமா? கடல்கடந்து வந்த ஒருவருக்கு அது இயன்றது என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.