ஐடா அம்மையாரும் நர்சுப் பட்டமும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் பருத்திப்பட்டு வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகிறது. பெண், பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். நான்கு ஆண்டில் பட்டம், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வேலை என்று அவளே கணக்கும் சொல்கிறாள். பாட்டியும் பெரியப்பாவும் முகம் சுளிக்கிறார்கள். இரவுப் பணியாம், அந்நியர் உடம்பைத் தொட்டுத் துடைக்கும் வேலையாம், நம் வீட்டுப் பெண்ணுக்கு இது எதற்காம்! புண்ணைத் தைக்கும் டாக்டராகப் படித்தால் பெருமை, தைத்த புண் ஆறும் வரை கண்விழித்துக் காப்பவளாகப் படித்தால் சிறுமை! இந்த விசித்திரத் தராசை எந்தக் கடையில் வாங்கினார்களோ, நாம் அறியோம்.

அந்தப் பெரியவர்களுக்கு ஓர் அம்மையாரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அவர் வாழ்ந்த ஊர் தொலைவிலும் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வேலூர்.

ஐடா சோபியா ஸ்கட்டர் 1870 டிசம்பர் 9-ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனார் ஜான் ஸ்கட்டர், அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ ஊழியர், தந்தையாரும் டாக்டர். தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது ஐடா சின்னஞ்சிறுமி; பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுத்த கைகளில் அந்தப் பிஞ்சுக் கைகளும் உண்டு. பின்னர் அமெரிக்கா சென்று பள்ளியில் படித்தார். இந்நாட்டுக்கே திரும்புவதில்லை, அங்கே இன்பமாக வாழ்வது என்பதே அவர் எண்ணம். தாயார் நோயுற்றார் என்ற சேதி வந்ததால்தான் 1890-இல் திண்டிவனம் வந்தார். வந்ததும் தற்காலிகமாகத்தான்.

அங்கேதான் அந்த இரவு வந்தது. ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பேறுகால வேதனை; வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா மன்றாடினார். அந்நிய ஆடவர் வீட்டுக்குள் வருவதா, கூடாது என்று அவர் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மற்றோர் இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார். பொழுது விடிந்தபோது மூன்று வீட்டிலும் சாவு. மூவருக்கும் சாதி வேறு, வணங்கும் இடம் வேறு. பெண் செத்தாலும் சரி, வழக்கம் சாகக்கூடாது என்பதில் மட்டும் எத்தனை ஒற்றுமை! அந்த மூன்று தாய்மாரைக் கொன்றது பேறுகாலம் அல்ல, வழக்கம் என்றே நாம் சொல்லுவோம்.

ஐடா மறுபடி அமெரிக்கா சென்றார், இம்முறை மருத்துவம் படிக்க. 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் ஷெல் என்ற வங்கி முதலாளி, மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். 1900-இல் வேலூர் வந்த ஐடா, ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். வழிகாட்டுவார் என்று நம்பியிருந்த தந்தையாரும் அவ்வாண்டே மறைந்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

இனி வருவதைப் பெரியப்பா கவனித்துக் கேட்க வேண்டும். அமெரிக்கப் பட்டம் பெற்ற டாக்டர் முதல் அறுவைக்குக் கத்தி எடுத்தபோது பக்கத்தில் நின்று உதவியவர் யார்? பயிற்சி பெற்ற நர்சு அல்ல. வீட்டுப் பணியாளரின் மனைவி சலோமி! பள்ளிக்கூடம் தராத பயிற்சியை அந்தப் பெண் நின்ற இடத்திலேயே கற்றார். ஆனால் எத்தனை சலோமிகள் கிடைப்பார்கள்? அறுவை ஒரு மணி நேரத்தில் முடியும். அதன் பிறகு காய்ச்சல் ஏறுகிறதா, இரத்தம் கசிகிறதா, நாடி தளர்கிறதா என்று பார்ப்பது யார்? கருவிகளைக் கொதிக்க வைப்பது யார்? கட்டுத்துணியில் கிருமி ஏறாமல் காப்பது யார்? டாக்டரின் கைத்திறன் அத்தனையும் ஓர் இரவின் கவனக்குறைவில் பாழாகிவிடுமே!

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் 1871-லேயே தாதிப் பயிற்சி தொடங்கியிருந்தது உண்மை. ஆனாலும் அத்தொழிலுக்கு வந்தவர் சிலரே. இரத்தமும் சீழும் தீட்டு என்று உயர்சாதிக் குடும்பங்கள் ஒதுங்கின. வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே. இந்த நிலையில்தான் 1909-இல் வேலூரில் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் டீலியா ஹௌட்டன் என்ற நர்சு. ஐடாவின் பெயர் ஊரெல்லாம் தெரிகிறது. டீலியாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டருக்கு ஒரு புகழ், நர்சுக்கு ஒரு புகழ் என்ற தராசு இங்கேயும் வேலை செய்கிறது பாருங்கள்! பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கியது 1918-இல்தான். நர்சுப் பள்ளி அதற்கு ஒன்பதாண்டு மூத்தது!

மருத்துவப் பள்ளியின் கதையும் சுவையானதுதான். பெண்கள் படிக்க வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். வந்த விண்ணப்பங்களோ 151! 1922-இல் முதல் குழுவில் 14 பேர் தேறி வெளிவந்தனர். நகரத்துக்கு வரமுடியாத நோயாளிகளைத் தேடி ஐடா குடியாத்தம் சாலையில் வண்டியில் சென்று மரத்தடியில் வைத்தியம் பார்த்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், நாம் விரிக்கவில்லை.

1930-களின் இறுதியில் இடி விழுந்தது. வெறும் சான்றிதழ் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும் என்று சென்னை மாகாண அரசு கூறியது. பள்ளி மூடப்படும் நிலை. ஐடா எழுபது வயதில் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு இசைவு கிடைத்தது.

டாக்டருக்குப் பட்டம் வேண்டுமென்றால் நர்சுக்கு மட்டும் ஏன் வேண்டாம்? அந்தக் கேள்விக்கு 1946-இல் விடை கிடைத்தது. வேலூர் நர்சுப் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்ட வகுப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு டில்லியிலும் ஒரு கல்லூரி தொடங்கியது. இந்தியாவில் நர்சுக்குப் பட்டம் என்பது இவ்விரண்டு இடங்களில் பிறந்ததே. அதே 1946-இல் வந்த போர் குழு அறிக்கை, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்சு என்று காட்டியது. இருக்க வேண்டியது 500 பேருக்கு ஒருவர்!

பட்டத்தால் என்ன மாறிற்று? அதற்குமுன் பயிற்சிப் பெண் பாதி மாணவி, பாதி வார்டுக் கூலி. வார்டில் ஆள் குறைந்தால் வகுப்பு நின்றுவிடும். பட்டப்படிப்பில் உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல், உளவியல், சமுதாயநலம் எல்லாம் பாடம். பட்டம் பெற்ற நர்சு விரிவுரையாளராகலாம், ஆராய்ச்சி செய்யலாம், தன் தொழிலுக்குத் தானே பாடத்திட்டம் வகுக்கலாம்.

பட்டம் ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும் என்று நாம் ஏமாற்றவில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த அரசு நர்சுகளுக்குத் தொடக்க மாத ஊதியம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட வேண்டியதாயிற்று. வழிமறித்து நிற்பது சாதிப்பெருமை மட்டுமல்ல, சம்பளக் கஞ்சத்தனமும்தான். இன்னொன்றையும் பருத்திப்பட்டுத் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டுமுன், கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் உண்டா என்று கேளுங்கள். கட்டிடத்தின் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

ஐடா அம்மையார் 1946-இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டே மருத்துவக் கல்லூரியில் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஆடவர் கைபடக்கூடாதென்று மூன்று பெண்களைச் சாகவிட்ட அந்த இரவிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. 1960 மே மாதம் கோடைக்கானலில், 89-ஆம் வயதில் அம்மையார் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு டில்லிக் கல்லூரியில் நர்சுகளுக்கு எம்.ஏ., எம்.எஸ்சி. போன்ற மேற்பட்ட வகுப்பே தொடங்கிவிட்டிருந்தது.