17 ஆயிரம் பவுன் விழுங்கிய கணக்கு எந்திரம்

நடுக்கடலில் போகும் கப்பலுக்கு நட்சத்திரம் மட்டும் வழி காட்டினால் போதாது. மாலுமியின் மேஜை மீது ஒரு தடித்த புத்தகமும் இருக்க வேண்டும். அதில் கதையும் இல்லை, படமும் இல்லை. பக்கம் பக்கமாக எண்கள்தான். அந்த எண்களில் ஒன்று தப்பாக அச்சாகி இருந்தாலும் போதும், கப்பல் பாறையில் போய் மோதலாம்.

200 ஆண்டுகளுக்கு முன் அந்த எண்களை மனிதர்களே உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதினார்கள். அவர்களை ஆங்கிலத்தில் "கம்ப்யூட்டர்" என்றே அழைத்தார்கள். ஆம், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் எந்திரம் அல்ல. கூலி வாங்கிக் கொண்டு கணக்குப் போடும் ஆள்!

அந்த ஆளின் வேலையை எந்திரத்திடம் ஒப்படைக்க நினைத்தவர் சார்லஸ் பாபேஜ். இன்று உலகம் அவரைக் கம்ப்யூட்டரின் தந்தை என்று கொண்டாடுகிறது. ஆனால் அவர் உயிரோடு இருந்த வரையில், சர்க்கார் பணத்தை வீணாக்கியவர் என்ற பேச்சைத்தான் கேட்டார்.

பாங்குக்காரர் மகன்

பாபேஜ் 1791-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை பாங்குத் தொழிலில் இருந்த பணக்காரர். சிறுவனுக்குப் புதுப் பொம்மை வாங்கிக் கொடுத்தால், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பான். சரியான பதில் கிடைக்காவிட்டால் உடைத்துப் பார்த்து விடுவான்.

1810-ல் கேம்பிரிட்ஜில் படிக்கப் போனார். 1814-ல் ஜார்ஜியானா என்ற பெண்ணை மணந்தார்.

1821-ல் ஒரு நாள். பாபேஜும் அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷலும் வான சாஸ்திரக் கணக்குகளைச் சரி பார்த்தார்கள். ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியே போட்டிருந்தார்கள். ஒத்துப் பார்த்தால், எங்கு திரும்பினாலும் தப்பு! நீராவி எஞ்சின் துணி நெய்கிறதே, கணக்குப் போடக் கூடாதா என்று பாபேஜுக்குத் தோன்றியது.

கூட்டல் மட்டும் போதும்

அவர் கண்ட வழி மிக எளிது. 1, 4, 9, 16, 25 என்ற எண்களைப் பாருங்கள். ஒன்றை ஒன்றால் பெருக்கியது, இரண்டை இரண்டால் பெருக்கியது என்று வரிசையாக வருபவை. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களுக்குள் உள்ள வித்தியாசம் எப்போதும் 2. ஆகவே 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. அதை 25-உடன் கூட்டினால் 36. பெருக்கலே வேண்டாம்!

கூட்டுவதற்குப் பல்சக்கரம் போதும். வந்த விடையைக் கையால் எழுதினால் மறுபடியும் தப்பு நேரும் அல்லவா? அதற்காக, விடையை அச்சுக்கும் எந்திரமே பதித்துத் தர வேண்டும் என்று திட்டமிட்டார்.

1822-ல் ஒரு சிறிய மாதிரியைச் செய்து காட்டினார். மறு ஆண்டே பிரிட்டிஷ் சர்க்கார் 1,500 பவுன் கொடுத்தது. எந்திரம் சீக்கிரமே முடிந்து விடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

வேலையை ஜோசப் க்ளெமெண்ட் என்பவரிடம் பாபேஜ் ஒப்படைத்தார். லண்டனில் கைதேர்ந்த தொழிலாளி என்று பெயர் எடுத்தவர் அவர். கூலியும் அதற்கு ஏற்ப உயர்ந்தது. எந்திரத்துக்கு வேண்டிய உறுப்புகள் சுமார் 25 ஆயிரம். அவற்றில் நூற்றுக்கணக்கானவை ஒன்று போலவே இருக்க வேண்டும். அப்படி அச்சு மாறாமல் செய்து தள்ளும் பட்டறை அந்தக் காலத்தில் கிடையாது. ஆகவே உறுப்பைச் செய்வதற்கு முன், அதைச் செய்யும் கருவியைச் செய்ய வேண்டியதாயிற்று. செலவு ஏறியது. பாபேஜ் சம்பளம் என்று ஒரு காசு வாங்கவில்லை. சொந்தப் பணத்தையும் போட்டார்.

1827-ம் ஆண்டு அவருக்குப் பெரும் இடியாக வந்தது. அதே ஆண்டில் தந்தை இறந்தார். மகன் ஒருவன் இறந்தான். மனைவி இறந்தாள். பிறந்த குழந்தையும் இறந்தது. மனம் உடைந்த பாபேஜ் ஐரோப்பிய நாடுகளில் சுற்றித் திரிந்து, 1828-ல்தான் திரும்பி வந்தார்.

சர்க்கரையும் தேயிலையும்

1832-ல் க்ளெமெண்ட் எந்திரத்தின் ஒரு பகுதியைப் பூட்டிக் கொடுத்தார். அது கணக்குப் போடும் பாகத்தில் ஏழில் ஒரு பங்கு. கைப்பிடியை அசைத்தால் தப்பில்லாமல் விடை வந்தது. பாபேஜ் வீட்டு விருந்துக்கு வந்த சீமான்களும் சீமாட்டிகளும் அதை வியந்து பார்த்தார்கள்.

அதே ஆண்டில் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விலை 6 ஷில்லிங். அந்தப் புத்தகத்தை அச்சிட என்னென்ன செலவு ஆயிற்று என்ற கணக்கையும் அதற்குள்ளேயே போட்டு விட்டார்!

ஒரு பொருளுக்குக் கொடுக்கும் விலை மட்டும் செலவு அல்ல, அது நல்லதா என்று சோதிக்கும் சிரமமும் செலவுதான் என்று அதில் விளக்கினார். கட்டிச் சர்க்கரையைக் கண்ணால் பார்த்தே தரம் சொல்லி விடலாம். தேயிலை அப்படி அல்ல. கலப்படம் தெரியாது. ஆகவே நம்பிக்கையான கடையில் கூட விலை கொடுத்து வாங்குவது நஷ்டம் ஆகாது. மாவு மூட்டைகளைச் சோதித்துச் சோதித்து அலுத்துப் போன சர்க்கார், சொந்தமாக மாவு மில் வைப்பதே மலிவு என்று முடிவு செய்ததையும் எடுத்துக் காட்டினார்.

எந்த வேலைக்கு எவ்வளவு திறமை வேண்டுமோ, அவ்வளவுக்கு மட்டும் கூலி கொடுக்க வேண்டும் என்பதும் அந்தப் புத்தகத்தில் உண்டு. ஊருக்கு இப்படி எழுதியவர், தம் எந்திரத்தில் மட்டும் ஒவ்வொரு பல்லையும் உயர்ந்த கூலிக்காரரைக் கொண்டே செதுக்கினார்.

1833-ல் பணத் தகராறு முற்றியது. பட்டறையைப் பாபேஜ் வீட்டுக்கு அருகே மாற்றச் சொன்னார்கள். க்ளெமெண்ட் நஷ்ட ஈடு கேட்டார். கிடைக்கவில்லை. வேலையை நிறுத்தி விட்டார். யார் பணத்தில் செய்தாலும் கருவி தொழிலாளிக்கே சொந்தம் என்பது அந்தக் கால வழக்கம். கருவிகள் அவரோடு போயின. செய்து வைத்த 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளில் பெரும்பாலானவை பிறகு பழைய உலோகமாக உருக்கப்பட்டன.

பாபேஜின் மனமும் வேறு பக்கம் தாவியது. 1834-ல் அதைவிடப் பெரிய எந்திரத்தைக் கற்பனை செய்யத் தொடங்கினார். துளையிட்ட அட்டைகளைக் கொடுத்தால், எந்தக் கணக்கையும் போடும் எந்திரம் அது! இன்றைய கம்ப்யூட்டரின் வேர் அதுதான். ஆனால் பணம் கொடுத்தவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். முதல் எந்திரமே முடியவில்லை. அதற்குள் இரண்டாவதா?

1842-ல் பிரதம மந்திரி ராபர்ட் பீல் திட்டத்தைக் கைவிட்டார். அரசாங்க வான சாஸ்திரி ஏரி, எந்திரத்தால் பயன் இல்லை என்று கூறி விட்டார். அதுவரை சர்க்கார் செலவிட்ட தொகை சுமார் 17,500 பவுன். 1831-ல் ஸ்டீபன்சன் கம்பெனி கட்டிய ஒரு ரெயில் எஞ்சினின் விலை சுமார் 784 பவுன். அந்தப் பணத்துக்கு 22 ரெயில் எஞ்சின் வாங்கியிருக்கலாம்!

மலிவு எந்திரம் வந்தது

சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கியோர்க் ஷாய்ட்ஸ் என்ற அச்சகக்காரர் இருந்தார். 1834-ல் பாபேஜின் எந்திரத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்தார். மகன் எட்வர்டுடன் சேர்ந்து தாமும் செய்யத் துணிந்தார். மரச்சட்டம் வைத்தே முதல் மாதிரி உருவானது. 1853-ல் உலோகத்தில் முழு எந்திரம் முடிந்தது. 1855-ல் பாரீஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அமெரிக்காவில் உள்ள ஆல்பனி நகர வான ஆராய்ச்சி நிலையம் 5 ஆயிரம் டாலருக்கு, அதாவது சுமார் ஆயிரம் பவுனுக்கு, அதை வாங்கிக் கொண்டது.

பாபேஜ் பொறாமைப்பட்டார் என்று நினைப்பீர்கள். இல்லை! மனமாரப் பாராட்டினார். அவருடைய மகன் ஹென்றி, அந்த எந்திரத்தை விளக்கப் படங்கள் வரைந்து கொடுத்தார்.

பிரிட்டிஷ் சர்க்காரும் அதே போல் ஒன்றை 1,200 பவுனுக்குச் செய்யச் சொல்லி, 1859-ல் வாங்கியது. மக்களின் ஆயுள் கணக்கைப் போடுவதற்காக அது வந்தது. செய்து கொடுத்த டாங்கின் கம்பெனிக்கு அந்த விலை கட்டவில்லை. நஷ்டம்தான்.

மலிவு எந்திரம் எப்படி உழைத்தது? பக்கத்திலேயே ஆள் நின்று கவனிக்க வேண்டியிருந்தது. சக்கரம் இடம் பிசகினால் பிடித்து நிறுத்தும் பூட்டுகளைப் பாபேஜ் தம் திட்டத்தில் வைத்திருந்தார். ஷாய்ட்ஸ் எந்திரத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. 1864-ல் வெளிவந்த ஆயுள் கணக்குப் புத்தகத்தில் சுமார் 600 பக்கம் கணக்கு. முழுக்க முழுக்க எந்திரமே அச்சுக்குத் தந்தவை 28 பக்கங்கள்தான்.

அதற்காக அதைக் கேலி செய்ய முடியாது. அந்த 28 பக்கமாவது வந்தது. 17,500 பவுன் எந்திரத்தில் இருந்து ஒரு பக்கம்கூட வரவில்லை. ஷாய்ட்ஸ் குடும்பமும் இதனால் செழிக்கவில்லை. மகன் எட்வர்டு திவாலானார். அலுவலகங்கள் வாங்கியதெல்லாம் மேஜை மீது வைக்கும் சிறிய பிரெஞ்சுக் கணக்குப் பெட்டியைத்தான். அதைக் கண்டுபிடித்த தோமா நூற்றுக்கணக்கில் விற்றார்.

சிக்கனம் கற்றார்

பாபேஜும் பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. 1847 முதல் 1849 வரை உட்கார்ந்து புதுத் திட்டம் வரைந்தார். 25 ஆயிரம் உறுப்புகள் 8 ஆயிரமாகக் குறைந்தன. திறமை குறையவில்லை. 31 இலக்க எண் வரை போடலாம். படங்களை 1852-ல் சர்க்காருக்கே கொடுக்க முன்வந்தார். ஒரு முறை சூடு கண்ட சர்க்கார் வேண்டாம் என்றது.

கடைசிக் காலத்தில் தெருவில் வாத்தியம் வாசிப்பவர்களோடு ஓயாத சண்டை. அந்த இரைச்சலை அடக்க 1864-ல் சட்டமே வந்தது. அதற்குப் பழிவாங்க, அவர் வீட்டு வாசலுக்கே வந்து ஊதினார்கள்! 1871-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, 79-வது வயதில் அவர் காலமானார்.

120 ஆண்டுகள் கழிந்தன. லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலை அந்த 1849-ம் ஆண்டுப் படங்களைத் தூசி தட்டி எடுத்தது. அவர் காலத்தில் எட்டக்கூடிய நுட்பத்துக்கு மேல் போகாமல் உறுப்புகளைச் செய்தார்கள். 1991-ல் கணக்கு எந்திரம் ஓடியது. 2002-ல் அச்சுப் பகுதியும் சேர்ந்தது. எடை 5 டன். விடைகள் தப்பில்லாமல் வந்தன.

1832-ல் க்ளெமெண்ட் பூட்டிய ஏழில் ஒரு பங்கும் அதே காட்சிசாலையில்தான் இருக்கிறது. சர்க்கார் 1,200 பவுனுக்கு வாங்கிய மலிவு எந்திரமும் அங்கேயே வந்து சேர்ந்து விட்டது.