வானத்தை அளந்த அன்னா மணி

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், விவேகானந்தர் இல்லத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் மாநிலக் கல்லூரி வரும். அதே சாலையில் சற்றுத் தள்ளி சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வானிலை விஞ்ஞானி அன்னா மணி முதலாவதில் இயற்பியல் படித்தார். இரண்டாவது அவருக்கு டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பீர்மேட்டில் பிறந்தார் அன்னா மணி. எட்டுக் குழந்தைகளில் ஏழாமவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு தர வீட்டார் விரும்பினர். சிறுமியோ தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்!

1939இல் மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமனிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். தோடாக வேண்டாம் என்று சொன்ன அதே வைரத்தை இப்போது ஆராய்ந்தார்! வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளி வீசுகின்றன என்பதே ஆய்வு. ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

1945இல் தன் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் கூறி, டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அன்னா மணி சோர்ந்து உட்காரவில்லை. அதே ஆண்டு லண்டன் சென்று, வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார்.

1948இல் தாயகம் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது நம் நாட்டுக்குக் கருவிகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. அவற்றை இங்கேயே செய்ய, ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரிக்க வைத்தார். தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவரது கொள்கை.

தரையில் அளப்பது சரி. வானத்தில் ஏணி வைத்து ஏறி அளக்க முடியுமா? அங்கே விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் மூலக்கூறுகளில் மோதி, எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னேற்றம் பெற்ற துகள்களே அயனிகள். அவை இருப்பதால்தான் காற்று சிறிதளவு மின்சாரத்தைக் கடத்துகிறது. மேலே போகப் போக அந்தத் திறன் கூடுகிறது. அன்னா மணியும் அவரது குழுவினரும் பலூனில் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு இதை அளந்தார்கள். கருவி தன் அளவுகளை ரேடியோ அலைகள் மூலம் தரைக்கு அனுப்பும். புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் ஓசோனை உயரத்தில் அளக்கவும் கருவி செய்தார்கள். 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் தொடங்கியபோது, அங்கே வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தவரும் இவரே.

வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து, 1976இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் ஓயவில்லை. எங்கெங்கே எவ்வளவு காற்று வீசுகிறது என்று நாடு முழுவதும் அளக்கும் பணியை நடத்தினார். காற்றாலைகளை எங்கே நிறுவலாம் என்று அறிய அது வழிகாட்டியது. 1987இல் கே.ஆர். ராமநாதன் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார்.

கடைசிவரை டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்று செய்தியில் சொல்லும்போது, அந்த எண்ணை நாம் நம்புகிறோம் அல்லவா? அந்த நம்பிக்கைக்குப் பின்னால் அன்னா மணியின் உழைப்பும் இருக்கிறது.