பகா எண்ணும் இராமானுசனும்

அரியலூர் வட்டாரத்திற்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்து சென்றால், குடந்தை எனப்படும் கும்பகோணத்தை அடையலாம். ஈரோட்டில் 1887-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் பிறந்த சீனிவாச இராமானுசன், வளர்ந்தது இவ்வூர்ச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். கணக்கிலேயே கருத்தூன்றிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால், இராமானுசன் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், தேர்வுகளிலும் தவறினார். 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தவற்றுள் ஒன்று பகா எண். ஒன்றை விடப் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே பகா எண்ணாம். இவற்றிற்கு முடிவில்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிடு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நிறுவினார். ஆயினும், இவை வரும் ஒழுங்கு எளிதிற் பிடிபடுவதன்று. 23-க்குப் பின் 29 வரை ஒன்றும் இல்லை. 29-ஐ அடுத்தோ 31 உடனே வந்து நிற்கும். எண்கள் பெருகப் பெருக, இவை அருகிக்கொண்டே செல்லும்.

ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைக் கூறும் வாய்பாடொன்றை இராமானுசன் கண்டார். எவ்வளவு பெரிய எல்லையிலும் அதன் பிழை மிகச் சிறிதே என நம்பி, 1913-இல் கேம்பிரிட்சு அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி நிறுவல் கேட்டார். அவ்வாய்பாடு, கணக்கிட்டுப் பார்த்த எண்கள் வரை வியக்கத்தக்கவாறு பொருந்தியது. ஆனால், எண்கள் மிகப் பெரியனவாகும்போது பிழை கட்டுக்குள் நில்லாது என்பது தெளிவாயிற்று. கலப்பெண்களின் சார்புகளைப் பற்றிய கல்வி அவருக்கு வாய்க்காமையே இதற்குக் காரணம். அக்காலக் குடந்தையில் அதனைக் கற்பிப்பார் யார்?

1914-இல் அவர் இங்கிலாந்து சென்றார். நிறுவலின் இன்றியமையாமையை அங்கே உணர்ந்தார். 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். எனினும், நோய் அவரை வாட்டியது. 1919-இல் தாயகம் மீண்டார். 1920-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அப்போது அகவை 32.

முன்பு தம்மை ஏமாற்றிய பகா எண்களை அவர் விட்டுவிடவில்லை. 1919-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒன்றை விடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்கிற்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு என்பது பெர்ட்ராண்டு 1845-இல் கூறிய கருத்து. செபிசேவு என்னும் உருசிய அறிஞர் அதனை முன்னரே மெய்ப்பித்திருந்தார். இராமானுசன் சில வரிகளில் அதனை முடித்ததோடு, மேலும் ஒரு படி சென்றார். 11 முதல் எந்த எண்ணை எடுப்பினும், அதன் பாதிக்கு மேல் அவ்வெண் வரை இரண்டு பகா எண்களேனும் உண்டு. 17 முதல் மூன்று. 29 முதல் நான்கு. இத்தொகை வரம்பின்றி வளரும். இம்முறை நிறுவலில் குறையில்லை.

2024-இல் கணிப்பொறிகளின் துணையால் ஒரு பகா எண் கண்டறியப்பட்டது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் அது கிடைக்கும். அதன் இலக்கங்கள் 4,10,24,320. அதற்கடுத்த பகா எண்ணைக் கண்டறிதல் அரிது. ஆயினும், இருமடங்கை எட்டுமுன் அத்தகையன எண்ணிறந்து நிற்கின்றன என்பதைக் குடந்தைக் கணக்கர் மகனின் கட்டுரையைக் கொண்டே துணியலாம்.