நிலத்திடம் தோற்ற தளபதி

பலாங்கொடையிலிருந்து ஊவாவுக்கு ஏறும் பாதையில், மலை விளிம்பில் இருக்கிறது ஹல்துமுல்லை. அங்கே இடிந்து கிடக்கும் கட்டுகொடெல்ல சிறுகோட்டை போர்த்துக்கேயர் காலத்தது எனக் கருதப்படுகிறது. அக்காலத்து ஊவாவின் கதையில் தவிர்க்க முடியாத பெயர், கொன்ஸ்தந்தீனு த சா.

1618 முதல் 1622 வரையும், பின்னர் 1623 முதல் 1630 வரையும் இலங்கையில் போர்த்துக்கேயரின் தலைமைத் தளபதியாக இருந்தவர் இவர். திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இல் கோட்டை எழுப்பியவராகவே தமிழர் இவரை அறிவர். 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை எழுந்தது. கிழக்குத் துறைமுகங்களை இழந்த கண்டி மன்னன் செனரத் போருக்குத் தயாரானான்.

1630இல் த சா படையோடு மலையேறி பதுளையை எரித்தார். திரும்பும் வழியில், வெல்லவாய அருகே ரந்தெனிவெலவில் கண்டிப்படை அவரைச் சுற்றி வளைத்தது. அவரோடு வந்த லஸ்கரின்களில் பெரும்பாலோர், முதலியார்களின் இரகசிய ஏற்பாட்டின்படி எதிரியோடு சேர்ந்துகொண்டனர். பெருமழை கொட்டியது. திரியும் வெடிமருந்தும் நனைந்து துப்பாக்கிகள் பயனற்றுப்போயின. ஓகஸ்ட் 25ஆம் திகதி த சா கொல்லப்பட்டார். அவருடைய வரலாற்றை மகன் எழுதிய நூல் 1681இல் லிஸ்பனில் வெளியானது.

வெயிலில் பார்த்த பாதை மழையில் வேறு பாதையாகிவிடும். இன்றைய இராணுவங்கள் கணினித் திரையில் பயிற்சி பெறும்போது எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. அங்கே நிலம் என்பது உயரங்களைக் குறிக்கும் எண்களின் வலை. குண்டு விழுந்தால் பள்ளம் தோன்ற வேண்டும். மழை பெய்தால் சேறாகி வண்டியின் வேகம் குறைய வேண்டும். அந்த மாற்றம் பயிற்சி பெறும் எல்லோருடைய திரையிலும் ஒரே நேரத்தில் தெரியவும் வேண்டும். மாறாத நிலத்தில் பழகியவர், மாறும் நிலத்தில் தடுமாறுவார்.

ஹல்துமுல்லை மக்களுக்கு இது வெறும் போர்ப்பாடம் அல்ல. இதே பிரதேச செயலகப் பிரிவின் மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயன்களை மூடியது. படைக்காக நிலத்தின் அசைவைக் கணக்கிடும் அறிவு, மலையடியில் உறங்கும் குடும்பங்களுக்காகவும் கணக்கிட வேண்டும். தளபதி போருக்காக இந்த மலைக்கு வந்தார். தோட்டத் தொழிலாளிக்கோ போக வேறு இடமில்லை.